அத்தாவை எழுந்து நடக்க விடுங்கள்: புராஸ்டேட் புற்றுநோயும் வீட்டு உடற்பயிற்சியும்



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் புராஸ்டேட் புற்றுநோய் என்ற பெயரை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். விண்ணப்பத்தைக் கொண்டு வருபவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். நோயாளி வருவதில்லை. "அத்தா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், "படுக்க வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை" என்பார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளும் தினமும் போனில் அதையே சொல்கிறார்கள்: "அத்தா, நீங்க ரெஸ்ட் எடுங்க, எதுக்கும் எழுந்திரிக்காதீங்க." இந்த அன்பைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருக்கு நாள் முழுவதும் படுக்கை என்பது மருந்தல்ல. அது அவருடைய தசையையும் எலும்பையும் மேலும் கரைத்துவிடும். ஏன் அப்படி, அதற்குப் பதிலாக வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வயதானால் இது பெரும்பாலோருக்கு வீங்கும். இரவில் நாலைந்து முறை எழுந்து போக வேண்டியிருக்கும். அந்த வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல. சிலருக்கு மட்டுமே புற்றுநோயாக இருக்கும். 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்பது சர்வதேசக் கணக்கு. நம் நாட்டில் ஒரு கூடுதல் வருத்தம் உண்டு. சிறுநீர்ப் பிரச்சினையை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவதால், முதுகெலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் பரவிய பிறகே பலருக்கு நோய் தெரியவருகிறது. அந்த நிலையிலும் மருந்துகளோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு. அந்த ஆண்டுகளை ஒருவர் எப்படிக் கழிக்கிறார் என்பதுதான் இங்கே நமது கவலை.

இந்தப் புற்றுநோய் ஆண்களின் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. 1941இல் அமெரிக்காவின் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், விதைகளை அகற்றி அந்த ஹார்மோனை நிறுத்தினால் நோய் ஒடுங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்றும் பரவிய நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை இதுதான். சிலருக்கு விதைகளை எடுக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள். மற்றவர்களுக்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போடுகிறார்கள். ஆபரேஷன் ஒருமுறைச் செலவோடு முடிந்துவிடுவதால் நம்மைப் போன்ற குடும்பங்களில் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம்.

ஹார்மோன் நின்றால் நோய் அடங்கும். உடம்பில் வேறு மாற்றங்களும் நடக்கும். ஆண் உடம்பின் தசையையும் எலும்பையும் தாங்கிப் பிடிப்பதும் அதே ஹார்மோன்தான் அல்லவா? பாஸ்டன் நகரில் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களை அளந்து பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் அவர்கள் உடம்பில் கொழுப்பு 9 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது, தசை ஏறத்தாழ 3 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பின் கதை இன்னும் கவலைக்குரியது. அமெரிக்காவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். நோய் கண்டறிந்து ஐந்தாண்டு வாழ்ந்தவர்களில், ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 19 பேருக்கு எங்காவது எலும்பு முறிந்திருந்தது. பெறாதவர்களில் அது 100க்கு 13 பேர்தான். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். எரிச்சல், அழுகை, எதிலும் நாட்டமின்மை வரும். தாம்பத்திய ஆசை அற்றுப்போகும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு களைப்பு இருக்கும். எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பு அது.

குடும்பத்தார் ஏமாறுவது இந்தக் களைப்பைப் பார்த்துத்தான். களைப்பாக இருக்கிறார், ஆகவே படுக்கட்டும் என்று நினைக்கிறோம். கதிர் அறுத்துவிட்டு வந்தவரின் களைப்பு படுத்தால் போகும். இந்தக் களைப்பு அந்த வகையல்ல. படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், தசை இளைக்க இளைக்கச் சிறிய வேலைக்கும் மூச்சு வாங்கும், மூச்சு வாங்குவதால் மறுபடி படுப்பார். 2003இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 12 வாரம், வாரம் மூன்று நாள், எடை தூக்கும் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் களைப்பு குறைந்தது. சும்மா இருந்தவர்களுக்குக் கூடியது. இதன் பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதே திசையில்தான் வந்திருக்கின்றன. மேற்பார்வையில் செய்தால் பலன் கூடுதல் என்றாலும், வீட்டில் தானே செய்தாலும் பலன் உண்டு என்றே காண்கிறார்கள்.

உடற்பயிற்சி புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நாம் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அப்படி யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம். ஊசியை நிறுத்திவிட்டு நடந்தால் போதும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். சிகிச்சை கெடுக்கிற உடம்பைச் சிகிச்சையோடு சேர்த்தே தூக்கி நிறுத்துவதுதான் பயிற்சியின் வேலை.

அமெரிக்காவில் இந்த நோய் கறுப்பின ஆண்களைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. அவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. வெள்ளையரோடு ஒப்பிட்டால் சாவு விகிதம் இரண்டு மடங்கு. அங்கே அவர்களுக்கு மருத்துவமனைகள் மேல் பழைய அவநம்பிக்கை ஒன்றும் உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பினத்தவர்களுக்கு மருந்து கொடுக்காமலே அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்ததை அந்தச் சமூகம் இன்னும் மறக்கவில்லை. தூரம், கூலி வேலை, பயணச் செலவு எல்லாம் வேறு தடைகள். ஆகவே அங்கே உள்ள ஆய்வாளர்கள், நோயாளியை ஜிம்முக்கு வரச் சொல்லாமல் அவர் வீட்டு நாற்காலியிலேயே பயிற்சியைத் தொடங்குகிற வழியைப் பார்க்கிறார்கள். செய்தியைக் கொண்டு சேர்க்கத் தேவாலயங்களையும் முடிதிருத்தும் கடைகளையும் நாடுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 52 முடிதிருத்தும் கடைகள் வழியாகக் கறுப்பின ஆண்களின் இரத்த அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிய ஆய்வு 2018இல் வெளியானது. ஆண்கள் மனம்விட்டுப் பேசும் இடத்தில் மருத்துவமும் எடுபடுகிறது. நம் லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அரியலூரிலும் அப்படிப்பட்ட இடம் எது என்று கேட்டால், அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளிவாசல் திண்ணைதான்.

இனி செய்முறை. புற்றுநோய் கண்டவர்களுக்கென 2019இல் சர்வதேச நிபுணர் குழு வெளியிட்ட பரிந்துரை எளிமையானது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்கும் வேகத்தில் நடை போன்ற ஒன்று. அதோடு வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி. முதல் நாளே 30 நிமிடம் வேண்டியதில்லை. பல மாதம் படுத்திருந்தவர் ஐந்து நிமிடம் நடந்தாலே போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். வேகத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், கிராஅத்தை இழுத்து ஓத முடியக்கூடாது. நம் ஊர் வெயிலில் சுபுஹுக்குப் பின்னோ மஃரிபுக்குப் பின்னோதான் நடக்க முடியும். சிமெண்டு லாரிகள் ஓடும் சாலை வேண்டாம். தெருவுக்குள், மொட்டை மாடியில், மழை நாளில் வீட்டு நடையில் முன்னும் பின்னுமாக நடந்தாலும் நடைதான். பழைய ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிடிமானமுள்ள காலணி போடச் சொல்லுங்கள்.

பலரும் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் ஹார்மோன் சிகிச்சையில் கரைகிற தசையைத் திருப்பிக் கொண்டுவர, தசை எதையாவது தள்ள வேண்டும், தூக்க வேண்டும். அதற்கு ஒரு நாற்காலியும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் போதும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் சுவரோடு சாய்த்துப் போட வேண்டும். அதில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து நின்று, இன்னும் மெதுவாக உட்கார வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் இறங்குவதில்தான் பயனே இருக்கிறது. எட்டு அல்லது பத்து முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மறுபடி ஒரு சுற்று. முடியாதவர் முதலில் கைகளை நாற்காலியில் ஊன்றி எழலாம். அடுத்து சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்கு அருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ள வேண்டும். அதுவும் பத்து முறை. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. அதே இடத்தில் ஒரு காலில் பத்து நொடி நின்று பழகுவது, விழாமல் இருக்க உதவும். கடைசியாக அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையிலும் பிடித்துத் தோள் வரை மடக்கி இறக்குவது. சில வாரத்தில் இலேசாகத் தெரிந்தால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாறலாம். எதைச் செய்யும்போதும் மூச்சைப் பிடித்து நிறுத்தக்கூடாது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. மறுநாள் தசையில் இலேசான வலி இருப்பது இயல்பு. எலும்பில் குத்துகிற வலி வந்தால் அது வேறு, அதைக் கீழே சொல்கிறோம்.

"தொழுகையே ஓர் உடற்பயிற்சிதானே, தனியாக எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. தொழுகை இபாதத்து. அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது நமக்கு உகந்ததாகப் படவில்லை. கணக்குப் பார்த்தாலும் ஒரு தொழுகையின் அசைவு இந்த நோயாளியின் தசையை வளர்க்கும் அளவுக்குப் போதாது. ஆனால் தொழுகை ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். சுஜூதிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து வந்தவர், ஊசி தொடங்கிய சில மாதத்தில் ஊன்றி எழுகிறார், பிறகு சுவரோரம் போகிறார், பிறகு நாற்காலி கேட்கிறார். தொடைத் தசை போய்க்கொண்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஸ்கேனும் சொல்லாது. மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சி வேலை செய்வதும் அதே தொடைத் தசையில்தான். எலும்பில் நோய் பரவாதவர், மருத்துவர் அனுமதித்தவர், பொறுமையாகச் செய்தால் மறுபடி தரையில் சுஜூது செய்யும் நிலைக்கு வர முடியலாம். வர முடியாதவர் நாற்காலியில் தொழுவதில் எந்தக் குறையும் இல்லை. அவருக்கு மார்க்கம் அதற்கு இடம் தந்திருக்கிறது.

பள்ளிவாசலை விட்டு இவர்கள் ஒதுங்குவதற்குக் காரணம் கால் பலவீனம் மட்டுமல்ல. பெரும்பாலும் சொல்லப்படாத காரணம் சிறுநீர்க் கசிவு. சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்கு முதல் மாதங்களில் இருமினாலும் குனிந்தாலும் சொட்டும். கைலி நனைந்துவிடுமோ, ஒளு முறிந்துவிட்டதோ என்ற பயத்தில் ஜும்ஆவுக்குக்கூட வராமல் இருந்துவிடுகிறார்கள். இதற்குத் தனியாக ஒரு பயிற்சி உண்டு. காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே இழுத்து, ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி தளர்த்த வேண்டும். பத்து முறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது. உட்கார்ந்தோ படுத்தோ செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பவர் அதை எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். அதுவரை இடைவிடாமல் கசிகிறவர் மார்க்கத்தில் தங்கடமுள்ளவர். நேரம் வந்த பின் சுத்தம் செய்து, பஞ்சோ டயப்பரோ வைத்து, ஒளு செய்து தொழலாம். தொழுகையில் சொட்டினாலும் அது அவரைத் தடுக்காது. ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே விவரங்களில் வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல இது. ஃபிக்ஹு நூல்களில் இதற்கென்றே சட்டங்கள் இருக்கின்றன.

இப்போது எச்சரிக்கைகள். பயிற்சி தொடங்கும் முன் சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "எலும்பில் எங்காவது நோய் இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில்?" எலும்பில் இருப்பவர்களும் பயிற்சி செய்யலாம். ஆஸ்திரேலியாவில் அத்தகையவர்களுக்கே பாதிக்கப்பட்ட எலும்பின் மேல் பாரம் விழாதபடி பயிற்சி கொடுத்துப் பாதுகாப்பாக முடித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு எது கூடும், எது கூடாது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் வகுத்துத் தர வேண்டும். குதிப்பது, மூட்டை தூக்குவது, இடுப்பை முறுக்கித் திரும்புவது இவர்களுக்கு ஆகாது. காய்ச்சல் உள்ள நாளிலும், கீமோ போட்டு உடம்பு மிகவும் தளர்ந்த நாளிலும் விட்டுவிடலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் புதிதாக வலி வந்து, அதோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, திடீரென்று சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, வராமல் அடைத்துக்கொண்டாலோ, அது வாயுப்பிடிப்பு அல்ல. முதுகெலும்பில் உள்ள நோய் தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருளாக இருக்கலாம். தைலம் தேய்த்துக் காலை வரை காத்திருந்தால் கால்கள் நிரந்தரமாகப் போய்விடலாம். அன்றே, அந்த மணியே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிசியோதெரபிக்குத் திருச்சி வரை அலைய வேண்டுமே என்று தயங்குகிறீர்களா? தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 முதல் நடக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தரும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். வெளியே வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும், முற்றிய நோயாளிகளுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். 104 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். சிகிச்சைச் செலவுக்கு, ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நமது உதவியைக் கேட்கும் முன் அதைக் கேளுங்கள். நம்மிடம் உள்ள ஜகாத் நிதி அட்டை கிடைக்காதவர்களுக்குப் போய்ச் சேரும்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இவரைக் குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, இரவில் எழுந்து பார்ப்பது என்று பாரம் முழுவதும் மனைவியின் மேலும் மருமகளின் மேலும் விழுகிறது. அவர் தானே எழுந்து குளியலறைக்குப் போகிறவராக ஆனால் முதலில் நிம்மதியடைபவர் நீங்கள்தான். ஆகவே தண்ணீர்ச் செம்பை அவர் கையெட்டும் இடத்தில் வைக்காமல் பத்தடி தள்ளி வையுங்கள். கடைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள், ஒரு பேரனைக் கூட அனுப்புங்கள். சில மாதமாக அவர் எதற்கெடுத்தாலும் கோபப்பட்டால், காரணமில்லாமல் கண் கலங்கினால், அது அவருடைய குணம் மாறியதால் அல்ல, ஊசியின் வேலை. பல நாள் பேசாமல் முடங்கிக் கிடந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயலில் காலமெல்லாம் உழைத்த நம் பெரியவர்கள், "இத்தனை வயசுக்கு மேல் எக்சர்சைஸா?" என்று சிரிப்பார்கள். அவர்களிடம் உடற்பயிற்சி என்று சொல்லாமல், "அத்தா, மஃரிபுக்குப் பள்ளிவாசல் வரை நடந்தே போவோமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மேலே சொன்ன பயிற்சிகளைப் படம் போட்டு ஒரே தாளில் அச்சிட்டு அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். நோயாளி வர வேண்டும் என்பதில்லை, பெயரும் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் யாரையாவது அனுப்பியும் பெற்றுக்கொள்ளலாம்.